செயலாளரின் சுழல்நாற்காலி

"கையெழுத்துப் போடுங்க சார், நான் கிளம்பணும்" என்றார் பார்சல்காரர்.

கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்துப் போடவில்லை. கடை வாசலில் நின்ற பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் மார்பு உயரம் இருந்தது. நான்கு பக்கமும் அந்த ஆன்லைன் கம்பெனியின் பெயர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக அச்சாகியிருந்தது.

பெட்டிக்கு நேர் மேலே, தெருவின் குறுக்கே, நேற்று அவரே ஏணியில் ஏறிக் கட்டிய துணி காற்றில் ஆடியது. அதிலும் பெரிய எழுத்துதான்: 'நம்ம தெருவிலேயே வாங்குவோம்! இவண், வணிகர் சங்கம்.'

"நாளைக்கு வரும்னுதானே போட்டிருந்தாங்க?"

"ஒரு நாள் முன்னாடி கொண்டுவந்தா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நீங்கதான் முகத்தைத் தொங்கப்போடுறீங்க."

"திருப்பி எடுத்துட்டுப் போய் நாளைக்குக் கொண்டுவர முடியுமா?"

"நாளைக்கு எனக்கு லீவு சார். இருபது வருஷத்துல இப்பதான் ரெண்டாவது லீவு. கெடுத்துடாதீங்க."

கையெழுத்தை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். மணி ஒன்பதரை. பத்து மணிக்கு இயக்கத்தின் தொடக்க விழா. அதைத் திட்டம் போட்டு, நோட்டீஸ் அடித்து, நாற்பத்திரண்டு கடைகளிலும் ஏறி இறங்கி ஏற்பாடு செய்தவர் சங்கத்தின் செயலாளர். அந்தச் செயலாளர் இதே கண்ணாடிக்கடைக்காரர்தான்.

பதவி அவரிடம் பதினொரு வருடமாக இருக்கிறது. சும்மா உட்கார்ந்து முத்திரை குத்துகிற ஆள் இல்லை. பஸ் நிறுத்தத்தைத் தெருமுனைக்கே கொண்டுவந்தது அவர்தான். குழாய் வெடித்துப் புத்தகக்கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஒரு மணி நேரத்தில் எல்லாக் கடைக்காரர்களையும் வரிசையாக நிறுத்தி, புத்தகங்களைக் கைமாற்றி, பாதியை ரொட்டிக்கடை அடுப்பின் பக்கத்தில் காய வைத்ததும் அவர்தான். இன்றைக்கும் அந்தக் கடையில் சில புத்தகங்களைத் திறந்தால் பன் வாசனை வரும்.

இப்போதைய இயக்கம் தலைவருக்காக. தலைவர் எதிர்ச்சாரியில் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். அறுபத்தைந்து வயது, அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். "பொத்தானை அமுக்கினா பொருள் வரும்யா! உனக்கு உடம்பு முடியலைன்னா பொத்தான் வந்து பாக்குமா?" என்று அவர் மேடையில் கேட்டால் கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் நாலைந்து மாதமாக அவர் கடைக்குள் ஆள் நுழைந்து யாரும் பார்க்கவில்லை. விற்பனைக்கு வைத்த கட்டிலில் அவரே சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடையை மூடப்போகிறார் என்று ஒரு பேச்சு அடிபட்டது. நேரடியாக உதவி செய்தால் மனிதர் கோபித்துக்கொள்வார் என்பதால் செயலாளர் தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரு இயக்கமே தொடங்கிவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஏன் ஆன்லைனில் நாற்காலி வாங்கினார்?

அவர் மனைவி மாடி வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள். தினம் ஆறு மணி நேரம், சாப்பாட்டு மேசை நாற்காலியில். முதுகு வலி வந்து, வீட்டிலிருந்த மூன்று தலையணைகளும் அவள் முதுகுக்குப் பின்னால் குடியேறிவிட்டன. செயலாளர் இரண்டு மாதமாகத் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்.

தலைவர் கடைக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் மூன்று வருடம் முன்பு ஒரு முக்காலி வாங்கப் போய்ப் பட்டது போதும். "செயலாளர்கிட்ட காசு வாங்கினா எனக்குச் சோறு இறங்குமா?" என்று தலைவர் மறுக்க, இவர் வற்புறுத்த, நடுத்தெருவில் அரை மணி நேரம் தகராறு. கடைசியில் தலைவர் கோபத்தில் மூன்று முக்காலி அனுப்பிவிட்டார். வியாபாரமே இல்லாத மனிதரிடம் இப்போது சுழல்நாற்காலி கேட்டால், கட்டிலையும் சேர்த்து அனுப்பிவிடுவார்.

அதனால்தான் செயலாளர் பொத்தானை அமுக்கினார். ஒரே ஒரு தடவை, கதவைத் தாழிட்டுக்கொண்டு.

பெட்டியைக் கடைக்குள் இழுத்துப் பார்த்தார். கதவில் சிக்கியது. மாடிப்படியில் சாய்த்துப் பார்த்தார். அது அவரையும் சேர்த்துச் சாய்த்தது. மேலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்ன சத்தம்? நாற்காலியா?"

"இல்லை, நான்தான்."

தெருவில் ஆட்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல், மேடைக்கு விரிக்க வைத்திருந்த நீலத் துணியை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தினார். கடைசி ஓரத்தை இழுத்துவிடும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"அட! இதுதான் பரிசா?"

பூக்கடை அக்கா. தெருவுக்கே அக்கா. அவரிடம் ஒன்றைச் சொன்னால் ஒலிபெருக்கி தேவையில்லை. அன்றைக்கு அவர் கையில் ஒலிபெருக்கியும் இருந்தது. விழாவுக்கு அறிவிப்பாளர் அவர்தான்.

"எந்தப் பரிசு?"

"அதான், அஞ்சு கடையில பொருள் வாங்கி அட்டையில அஞ்சு முத்திரை குத்தினா சாயங்காலம் குலுக்கல்னு போட்டிருக்கீங்களே. முதல் பரிசு 'ஆச்சரியப் பரிசு'ன்னு மட்டும்தானே இருக்கு. என்னடா வைக்கப்போறார்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன். இவ்வளவு பெருசா!"

செயலாளர் வைக்க நினைத்திருந்த ஆச்சரியப் பரிசு ஒரு குளிர்கண்ணாடி. அது அவர் சட்டைப்பையில் இருந்தது.

"ஆமா" என்றார். வாய் தன்னிச்சையாகச் சொல்லிவிட்டது.

"உள்ள என்ன? என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"நாற்காலி. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்வேனா?" என்ற அக்கா, அடுத்த நிமிடமே ஒலிபெருக்கியில், "முதல் பரிசு என்னன்னு நான் சொல்ல மாட்டேன்! ஆனா ஜெயிக்கிறவங்க உக்காந்துக்கலாம்!" என்றார்.

கூட்டம் ஆரவாரித்தது. மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. மனைவியின் தலை தெரிந்தது. அவள் கணக்கு டீச்சர். நீலத் துணியின் உயரத்தையும் கணவரின் முகத்தையும் பார்த்தவளுக்கு விடை வர ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

போன் அடித்தது.

"அது என் நாற்காலியா?"

"மெதுவாப் பேசு."

"என் நாற்காலியைத் தூக்கி ஊருக்குப் பரிசா கொடுத்துட்டீங்களா?"

"கொடுக்கலை. இப்போதைக்கு அறிவிச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"செயலாளரே" என்றாள் மனைவி. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது மூன்று தடவைதான். மூன்றும் நல்ல நினைவுகள் இல்லை. "சாயங்காலத்துக்குள்ள அந்த நாற்காலி மாடிக்கு வரணும்."

செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரொட்டிக்கடைக்காரர் வந்தார். சங்க விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்.

"பரிசு நம்ம உறுப்பினர் கடைப் பொருளா இருக்கணும். தீர்மானம் போட்டிருக்கோம். இது எந்தக் கடை?"

நாற்காலி விற்கிற கடை தெருவில் ஒன்றுதான் இருந்தது.

"தலைவர் கடை" என்றார் செயலாளர்.

"பார்த்தீங்களா! வியாபாரம் இல்லாத நேரத்துலயும் மனுஷன் கொடுத்திருக்கார் பாருங்க!" ரொட்டிக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பூக்கடை அக்காவிடம் சொன்னார். அக்கா தெருவுக்குச் சொன்னார். வெள்ளைச் சட்டையில் தலைவர் தெருவைக் கடந்து வந்தபோது, இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"எதுக்குய்யா தட்டுறாங்க? நான் இன்னும் பேசவே இல்லையே" என்றார் தலைவர்.

செயலாளர் அவரைப் பெட்டியருகே தள்ளிக்கொண்டு போனார். "தலைவரே, ஒரு சின்னக் குழப்பம். முதல் பரிசு நீங்க கொடுத்ததா வெளியில ஒரு பேச்சு போயிடுச்சு..."

"நான் எதையும் கொடுக்கலையே. என்ன பரிசு?"

தலைவர் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கம்பெனியின் பெயர் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினார். குனிந்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. துணியை அவசரமாகக் கீழே விட்டார்.

தொலைந்தோம் என்று நினைத்தார் செயலாளர். பதினொரு வருடச் சேவை, பஸ் நிறுத்தம், பன் வாசனைப் புத்தகங்கள், எல்லாம் முடிந்தது.

"தலைவரே, நான் சொல்லிடறேன்..."

"எதையும் சொல்லாதீங்க" என்றார் தலைவர். அந்த அகலமான குரல் நூல் மாதிரி மெலிந்திருந்தது. "யார் யார் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கலை."

தலைவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். தொண்டையைக் கனைத்தார். "ஆமா! இந்த நாற்காலியை நான்தான் கொடுத்தேன்!"

கைதட்டல் வானத்தைப் பிளந்தது.  தனக்குத் துரோகம் செய்தவனின் மானத்தை ஒரே வரியில் காப்பாற்றிவிட்டார் மனிதர்! இவருக்குப் போய் நாம் இப்படிச் செய்துவிட்டோமே!

தலைவர் அன்று வழக்கமான உரையை ஆற்றவில்லை. பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "எல்லாரும் நல்லா இருங்க, நல்லா வாங்குங்க" என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டு, செயலாளரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"பெட்டியை இப்படியே வைக்கக் கூடாது. என் குடோனுக்குத் தள்ளுங்க. பின்பக்கமாப் போகலாம்."

இருவரும் துணியோடு சேர்த்துப் பெட்டியைச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். தலைவர் குடோன் ஷட்டரை முழங்கால் உயரம் மட்டும் தூக்கினார்.

"நானும் வரேன், பிடிக்கணுமே."

"வேணாம், வேணாம். உள்ள தூசி. உங்களுக்குத் தும்மல் வரும். நீங்க இங்கேயே நின்னு யாரும் வராம பார்த்துக்குங்க."

முதலில் முகவரிச் சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியைப் படுக்கவைத்து உள்ளே தள்ளி, பின்னாலேயே குனிந்து நுழைந்தார். என் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றுதானே கிழிக்கிறார் என்று செயலாளர் உருகினார். ஐந்தே நிமிடத்தில் ஷட்டர் உயர்ந்தது. கறுப்பு வலை முதுகும் ஐந்து சக்கரமுமாக நாற்காலி முழுதாக உருண்டு வந்தது.

"அதுக்குள்ள எல்லாப் பாகத்தையும் பூட்டிட்டீங்களா? விளக்கத் தாளைப் படிக்கவே அரை நாள் ஆகுமே!"

"எல்லாம் ஒரே மாதிரிதான்" என்றார் தலைவர், செயலாளரின் முகத்தைப் பார்க்காமல்.

செயலாளர் அதை அனுபவம் என்று எடுத்துக்கொண்டார்.

மேடைக்குத் திரும்பியபோது தெருவில் புதுத் தலைவலி காத்திருந்தது. அவர் மனைவி வகுப்பை ரத்து செய்துவிட்டுக் கீழே இறங்கியிருந்தாள். இடுப்பில் ஒரு கை, மறு கையில் பை. பையில் ரொட்டி, ஒரு கொத்துப் பூ, அகராதி, கொடிக்கயிறு, எலிப்பொறி.

"நம்ம வீட்டுல எலி இல்லையே?" என்றார் செயலாளர்.

"அஞ்சாவது முத்திரைக்கு வாங்கினேன். என் நாற்காலியை நானே ஜெயிச்சு எடுத்துக்கிறேன். இதோ ஒரு அட்டை. இன்னும் ஆறு போடப்போறேன்."

"செயலாளர் வீட்டுக்கே பரிசு போனா ஊர் என்ன சொல்லும்?"

"முதுகு வலியை ஊர் பங்கு போட்டுக்குமா?"

இதற்குச் சங்க விதிகளில் பதில் இல்லை. அவள் போய்விட்டாள். மூன்று மணிக்குள் செயலாளர் வீட்டில் நான்கு எலிப்பொறிகளும் மூன்று அகராதிகளும் சேர்ந்துவிட்டன. அவளைப் பார்த்து, செயலாளர் மனைவியே இப்படி வாங்குகிறாள் என்றால் பரிசில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மற்றவர்களும் அள்ளத் தொடங்கினார்கள். ரொட்டிக்கடையில் மதியத்துக்குள் ரொட்டி தீர்ந்தது. தலைவர் கடைக்குள்கூட ஆட்கள் நுழைந்தார்கள். கட்டிலில் சாய்ந்து படிக்க அவருக்கு இடமில்லாமல் போனது. "எவ்வளவு நாளாச்சுய்யா கடைக்குள்ள பேச்சுச் சத்தம் கேட்டு" என்று அவர் முணுமுணுத்ததைக் கேட்டபோது, செயலாளருக்குக் குற்ற உணர்ச்சி இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்தது.

ஐந்து மணிக்குக் குலுக்கல். தெரு நிரம்பி வழிந்தது. மேடையின் நடுவில் நாற்காலி. ஒரு பக்கம் தலைவர், மறுபக்கம் செயலாளர். இருவர் முகமும் பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் முகம் மாதிரி இருந்தது. முன்வரிசையில் மனைவி, இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டு.

புத்தகக்கடை அம்மா கண்ணை மூடிக்கொண்டு டிரம்முக்குள் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்தார். பூக்கடை அக்கா வாங்கிப் படித்தார்.

"இருபத்தெட்டு! யார்கிட்ட இருபத்தெட்டாம் எண் துண்டுச்சீட்டு?"

கூட்டத்தின் பின்னால் ஒரு கை உயர்ந்தது.

"என்கிட்டதான் இருக்கு."

பார்சல்காரர்.

"நியாயம்தான்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "தினம் நாப்பது தடவை இந்தத் தெருவுல நடக்கிற மனுஷன். காலையில பன், அப்புறம் டீ, மழைன்னா குடை, எல்லாம் இங்கதான் வாங்குறார்."

பார்சல்காரர் வெட்கத்தோடு மேடை ஏறினார். செயலாளர் ஒரு அடி பின்வாங்கினார். காலையில் இதைக் கொண்டுவந்து வைத்த அதே ஆள்! தலைவரைப் பார்த்தார். தலைவரும் ஒரு அடி பின்வாங்கியிருந்தார். எனக்காகப் பயப்படுகிறார், பாவம்.

பார்சல்காரர் நாற்காலியைச் சுற்றி வந்தார். கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்து யோசித்தார். "இது அந்த..." என்று வாயைத் திறந்தார்.

செயலாளர் பாய்ந்துபோய் அக்காவின் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"நானே சொல்லிடறேன்! இந்த நாற்காலியைத் தலைவர் கொடுக்கலை. நான் வாங்கினேன். ஆன்லைன்ல வாங்கினேன்."

மேலே கட்டிய துணி படபடப்பது மட்டும் கேட்டது.

"நம்ம தெருவிலேயே வாங்குங்கன்னு வீடு வீடா நோட்டீஸ் கொடுத்தவன் நான். என் மனைவிக்கு முதுகு வலி. தலைவர்கிட்ட கேட்டா சும்மா கொடுத்துடுவார்னு பயந்து, திருட்டுத்தனமா இதை வரவழைச்சேன். அது தெரிஞ்சும் என் மானத்தைக் காப்பாத்த, தான் கொடுத்ததா அவர் பொய் சொன்னார். அவர் பெரிய மனுஷன். நான் இல்லை. செயலாளர் பதவியை இப்பவே விட்டுடறேன்."

தலைவர் தரையைப் பார்த்தபடி, "வேணாம்யா... விடுங்கய்யா..." என்று முனகினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

புத்தகக்கடை அம்மா முன்னால் வந்தார்.

"என் கடையில தண்ணி நுழைஞ்ச அன்னைக்கு, முழங்கால் தண்ணியில நின்னு முதல் கட்டுப் புத்தகத்தைத் தோள்ல தூக்கினவர் நீங்க. ஒரு நாற்காலிக்காக உங்களை விட்டுடுவோமா? பதவியை விடுறதுக்கும் சங்கத்துல தீர்மானம் போடணும். நாங்க போட மாட்டோம்."

"தீர்மானத்துக்குத் தேவையான ஆள் கணக்குச் சேராது" என்றார் ரொட்டிக்கடைக்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கூட்டத்தில் யாரோ கைதட்டத் தொடங்க, மெல்ல மெல்லத் தெரு முழுவதும் தட்டியது. மனைவி மேடைக்கு வந்து செயலாளர் பக்கத்தில் நின்றாள். "செயலாளரே" என்றாள். இந்தத் தடவை அது வேறு மாதிரி இருந்தது.

பார்சல்காரர் நாற்காலியை அவள் பக்கம் உருட்டிவிட்டார். "நீங்க உக்காருங்கம்மா. எனக்கெதுக்கு இது? நான் வீட்டுக்குப் போனா படுக்கத்தான் நேரம் இருக்கு."

அவள் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முகம் சுளிக்காமல் சிரித்தாள். செயலாளர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சுடுங்க தலைவரே."

தலைவர் வாயைத் திறந்து மூடினார்.

பார்சல்காரருக்கு இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கீழே கிடந்த ஒலிபெருக்கியை எடுத்து, அது வேலை செய்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"சார், எதுக்கு இவ்வளவு வருத்தப்படுறீங்க, நீங்க வாங்கினதும் நம்ம தெருவுலதானே! தலைவர் குடோன்லேர்ந்து வாரம் முப்பது பெட்டி ஆன்லைனுக்கு எடுத்துட்டுப் போறேன், இந்த நாற்காலியையும் போன திங்கக்கிழமை அங்கேர்ந்துதான் எடுத்தேன்!"